விலையுயர்ந்த பிக்கப் டிரக், சாதாரண சர்வீஸ் லேன்: டீலர்ஷிப்பில் எதை எந்த வரிசையில் கேட்டுப் பெறுவது

அமெரிக்காவில் 80,000 டாலர் கொடுத்துப் பிக்கப் டிரக் வாங்குகிறவர், அந்த விலைக்கேற்ற கவனிப்பும் டீலர்ஷிப்பில் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார். கிடைக்காது. தோல் இருக்கையும் மசாஜும் வண்டிக்குள்ளோடு சரி. காலை ஏழரை மணிக்கு, வண்டியைப் பழுதுக்கு விடும் சர்வீஸ் லேனில் உங்களுக்கு முன்னால் நிற்பது கூரை வேலை செய்கிறவரின் அடிப்படை மாடல். பின்னால் நிற்பது ஏதோ கம்பெனியின் வெள்ளை வேன். மூவருக்கும் ஒரே வரிசை, குறையைக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஒரே அட்வைசர்.

நான் டாலஸ் புறநகரில் இருக்கிறேன். இப்படிப்பட்ட வண்டி எனக்கு இது இரண்டாவது. தமிழ்ச் சங்க நண்பர்கள் சிலருக்குத் துணையாகவும் சர்வீஸ் லேனில் நின்றிருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: கேட்பதென்னவோ சரியான கேள்வி, ஆனால் காலம் தாழ்த்தியோ தப்பான ஆளிடமோ கேட்கிறார்கள். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். சட்டம் பற்றிச் சொல்வது டெக்சஸுக்கு உரியது; மற்ற மாநிலங்களில் எண்கள் மாறும்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை: வண்டியோடு வந்த வாரண்டிப் புத்தகம், வின் எண் (எழுத்தும் இலக்கமுமாக 17 இடம் கொண்ட வண்டியின் அடையாள எண்), இதுவரை செய்த ஆயில் மாற்றங்களின் ரசீதுகள், இவற்றை எல்லாம் போட்டுவைக்க ஒரு காகித உறை. போனில் இருக்கிறதே என்று உறையை விட்டுவிடாதீர்கள். மேனேஜரின் மேசையில் ஏழு தாள்களைப் பரப்பி வைக்கும்போது கிடைக்கும் மரியாதை, போனில் தேடிக்கொண்டு நிற்கும்போது கிடைப்பதில்லை.

1. வாங்கும் முன்பே சர்வீஸ் பக்கம் போய்ப் பாருங்கள்

விற்பனைக்காரர் சொல்லும் "உங்களை ராஜா மாதிரி கவனித்துக்கொள்வோம்" என்ற வாக்கு சர்வீஸ் பிரிவைக் கட்டுப்படுத்தாது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணக்கு வேறு, மேனேஜர் வேறு. எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலைநாள் காலையில் சர்வீஸ் லேனுக்குப் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

அங்கே கேட்க வேண்டியவை: கோளாறு கண்டறியும் அப்பாயின்ட்மென்டுக்கு இன்று பதிவு செய்தால் எத்தனை நாள் ஆகும்? நீங்கள் வாங்கப் போகும் எஞ்சினுக்குப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன் எத்தனை பேர்? மாற்று வண்டி தருவார்களா, தந்தால் அது டிரக்கா காரா? இங்கே வாங்கியவர்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

இரண்டாவது கேள்விக்குக் காரணம் உண்டு. டீசல் எஞ்சினோ காற்று சஸ்பென்ஷனோ உள்ள வண்டி என்றால் அந்த வேலை தெரிந்தவர் அந்தக் கடையில் ஒருவரே இருக்கக்கூடும். அவர் விடுமுறையில் போனால் உங்கள் வண்டியும் விடுமுறையில் போகும்.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 1,500 டாலர் குறைகிறது என்று ஹூஸ்டன் வரை போய் வாங்கி வருகிறார்கள். வாரண்டி வேலையை அந்த பிராண்டின் எந்த டீலரும் செய்து தருவார்; அதில் சிக்கல் இல்லை. ஆனால் மாற்று வண்டி, முன்னுரிமை, காரைக் கழுவித் தருவது போன்றவை அந்தந்த டீலரின் சொந்தப் பணத்தில் நடப்பவை. பல இடங்களில் அவை அங்கேயே வாங்கியவருக்குத்தான்.

2. உரிமை எது, உபசாரம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கோபம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஜிஎம்சி சியரா டெனாலி பிக்கப்பையும் சொகுசு பிராண்டான காடிலாக்கின் எஸ்கலேடையும் செய்வது ஒரே நிறுவனம், ஜெனரல் மோட்டார்ஸ். 6.2 லிட்டர் வி8 எஞ்சின் இரண்டிலும் வந்திருக்கிறது. ஆனால் காடிலாக்குக்கு முழு வாரண்டி 4 ஆண்டு அல்லது 50,000 மைல், பவர்டிரெயின் (எஞ்சின், கியர்பாக்ஸ்) வாரண்டி 6 ஆண்டு அல்லது 70,000 மைல். சியராவுக்கு 3 ஆண்டு அல்லது 36,000 மைல், பவர்டிரெயினுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல். ஃபோர்டின் சொகுசு பிராண்டான லிங்கனுக்கும் ஃபோர்டுக்கும் உள்ள வித்தியாசமும் இதேதான். டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்சஸுக்கும் டொயோட்டாவுக்கும் அப்படியே.

அதாவது எஃப்-150 பிளாட்டினமோ கிங் ராஞ்சோ டன்ட்ரா கேப்ஸ்டோனோ, என்ன விலை கொடுத்திருந்தாலும் வாரண்டிக் கணக்கில் அது வெறும் ஃபோர்டு, வெறும் டொயோட்டா. வாரண்டியை நிர்ணயிப்பது பிராண்ட், டிரிம் (ஒரே மாடலுக்குள் உள்ள வசதிப் படி) அல்ல. எல்லாம் கண்ணாடி போல் பளபளக்கும் லெக்சஸ் கடையின் உபசாரத்தை ஃபோர்டு, டொயோட்டா கடையில் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

வாரண்டிப் புத்தகத்தில் அச்சாகி இருப்பது உரிமை. மற்றதெல்லாம் உபசாரம். உரிமையை உறுதியாகக் கேளுங்கள், உபசாரத்தை இனிமையாகக் கேளுங்கள். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மாற்று வண்டிக்காகச் சண்டை பிடிக்கிறார்கள், பழுது சரியாகாமல் திரும்பி வரும்போது "பரவாயில்லை" என்கிறார்கள்.

ஆயில் மாற்றத்தை டீலரிடமே செய்தால்தான் வாரண்டி நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1975ஆம் ஆண்டு மாக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்த அனுமதிப்பதில்லை. வெளியே செய்துகொள்ளலாம். ஆனால் தேதியும் மைலும் ஆயிலின் தரமும் எழுதிய ரசீது வேண்டும்.

3. கோளாறை வீட்டிலேயே பிடித்து வையுங்கள்

டெக்னீஷியன்கள் பலருக்கு அமெரிக்காவில் சம்பளம் வேலைக்கு இத்தனை மணி என்ற நிர்ணயக் கணக்கில் வருகிறது. பிரேக் மாற்ற இவ்வளவு, பம்ப் மாற்ற இவ்வளவு. வாரண்டி வேலைக்குக் கார் நிறுவனம் ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் குறைவு. எப்போதோ ஒருமுறை வரும் சத்தத்தைத் தேடித் திரிய ஒதுக்குவது அதைவிடக் குறைவு. ஆகவே உங்கள் கோளாறு தேடாமல் அகப்படுமாறு நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் பலன் தருகிறது.

வீடியோ எடுங்கள். அதில் ஓடோமீட்டரும் வெளி வெப்பநிலையும் முதலில் தெரியட்டும், பிறகு சத்தம் வரட்டும். வரும் சூழலைக் குறித்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் எத்தனை மணி நேரம் நின்றிருந்தது, எந்த வேகம், எந்த கியர், டிரெய்லர் இழுக்கும்போதா, வெறும் வண்டியா.

காரணத்தை நீங்களே சொல்லாதீர்கள். "டர்போ போய்விட்டது, மாற்றுங்கள்" என்றால் அவர்கள் டர்போவை மட்டும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதித் தந்துவிடுவார்கள். அறிகுறியைச் சொல்லுங்கள். காரணம் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

4. வின் எண்ணைத் தட்டிப் பாருங்கள்

அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் வின் எண்ணை இட்டால் உங்கள் வண்டிக்கு நிலுவையில் உள்ள ரீகால் (கோளாறுக்காக நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைப்பது) தெரியும். நிறுவனங்கள் டீலர்களுக்கு அனுப்பும் டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின்களையும் மாடல் வாரியாக அங்கேயே பார்க்கலாம். உங்கள் அறிகுறிக்குப் பொருந்தும் புல்லட்டின் இருந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புல்லட்டின் எண் இருந்தால், இந்தப் பழுது தெரிந்ததே என்று நிறுவனமே எழுதிக் கொடுத்திருப்பதாக ஆகிறது. "எல்லா வண்டியும் இப்படித்தான்" என்ற பதில் அதன்பின் எடுபடாது.

ரீகால் வேலை முடிந்த பிறகும் காகிதம் அவசியம். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் 2021 முதல் 2024 வரையிலான 6.2 லிட்டர் எஞ்சின் வண்டிகளை, அமெரிக்காவில் ஏறக்குறைய 6 லட்சத்தை, திரும்ப அழைத்தது. பரிசோதனையில் தேறாத எஞ்சினைப் பழுது பார்த்தார்கள் அல்லது மாற்றினார்கள். தேறியவற்றுக்கு 0டபிள்யூ-40 என்ற கெட்டியான ஆயில், புதிய ஆயில் மூடி, கையேட்டில் ஒட்ட ஒரு தாள். இது தெரியாமல் அடுத்த முறை தெருமுனைக் கடையில் பழைய புத்தகத்தைப் பார்த்து மெல்லிய ஆயிலை ஊற்றினால் ரீகாலின் பலனே போய்விடும்.

5. அப்பாயின்ட்மென்டை விவரமாகப் போடுங்கள்

"சர்வீஸ்" என்று மட்டும் பதிவு செய்தால் ஆயில் மாற்றும் பையனிடம் வண்டி போகும். கோளாறு கண்டறிதல் என்று சொல்லி, அறிகுறியை ஒரு வரியில் எழுதச் சொல்லி, அதற்குரிய டெக்னீஷியன் அன்று இருப்பாரா என்று கேளுங்கள். முதல்நாள் ஒரு போன் போட்டு உறுதிசெய்யுங்கள். திங்களும் வெள்ளியும் வேண்டாம். திங்கள் கூட்டம், வெள்ளியன்று விட்டால் வண்டி வார இறுதி முழுவதும் சும்மா நிற்கும்.

6. ரிப்பேர் ஆர்டரின் வரியை நீங்கள் சொல்ல, அட்வைசர் எழுதட்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வண்டியை விடும்போது அட்வைசர் திறக்கும் வேலைத்தாள்தான் ரிப்பேர் ஆர்டர். அதில் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பகுதிகள் உண்டு: வாடிக்கையாளர் சொன்ன குறை, கண்டறிந்த காரணம், செய்த திருத்தம். டெக்னீஷியன் உங்களைப் பார்ப்பதே இல்லை. உங்களைப் பற்றி அவருக்குத் தெரிவதெல்லாம் அந்த முதல் பகுதிதான்.

என் வண்டியில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் மூன்று விநாடி, டப்பாவில் போட்ட சில்லறையைக் குலுக்குவது போல ஒரு சத்தம். முதல் முறை போனபோது அட்வைசரிடம் பத்து நிமிடம் நடித்தே காட்டினேன். அவரும் தலையாட்டினார். மாலையில் வாங்கிய தாளில் இருந்தது இவ்வளவுதான்: "எஞ்சினில் சத்தம் என்கிறார் வாடிக்கையாளர். பரிசோதித்ததில் இயல்பாக உள்ளது." வண்டியை 25 மைல் ஓட்டிக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்; எஞ்சின் சூடாகவே இருந்திருக்கிறது. சத்தம் எப்படி வரும்?

இரண்டாவது முறை முந்தைய மாலையே வண்டியை விட்டேன். வரியை நானே சொன்னேன்: "எட்டு மணி நேரம் நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில், எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து இரண்டு முதல் நான்கு விநாடி உலோகக் கலகலப்பு. வீடியோ காட்டப்பட்டது. இரவு முழுதும் வைத்திருந்து காலையில் வாடிக்கையாளர் முன்னிலையில் ஸ்டார்ட் செய்யவும்." அட்வைசர் தட்டச்சு செய்ததைத் திரையில் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன். மறுநாள் காலை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோர்மேன், அட்வைசர், நான் மூவரும் நின்றோம். சாவி திரும்பியது. ஃபோர்மேன் என்னைப் பார்க்கவில்லை, அட்வைசரைப் பார்த்தார். அந்த வாரமே பாகம் ஆர்டர் ஆனது.

எழுதாத கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். சர்வீஸ் லேனுக்கென்றே சொல்லி வைத்தது போல இருக்கிறது.

இங்கே இன்னொரு பெரிய தவறும் நடக்கிறது. நமக்குப் பழக்கமான அட்வைசர், "தாள் எல்லாம் எதற்கு, வாசலிலேயே ஒரு பார்வை பார்த்துவிடுகிறோம்" என்பார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் ரிப்பேர் ஆர்டர் திறக்கப்படாத வருகை, நிறுவனத்தின் கணக்கில் நடக்கவே நடக்காத வருகை. பின்னால் நான்கு முறை வந்தேன் என்று சொல்லும்போது இரண்டுக்குத்தான் சாட்சி இருக்கும். ஒரு டாலர் செலவில்லாவிட்டாலும் ஆர்டரைத் திறக்கச் சொல்லுங்கள். கோளாறு எதுவும் இல்லை என்று முடித்தாலும் நகல் வாங்குங்கள்.

7. சாவியைக் கொடுக்கும் முன்

வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ: சக்கரங்கள், கண்ணாடி, டெயில்கேட், மடங்கும் கால்படி, மைல் கணக்கு. பின்தொட்டியைக் காலி செய்யுங்கள். டிரெய்லர் கொக்கியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். லேனில் முழங்காலில் இடித்துக்கொண்ட டெக்னீஷியன் உங்கள் வண்டியை அன்போடு பார்க்க மாட்டார்.

காற்று சஸ்பென்ஷன் இருந்தால் ஜாக் வைக்கும் நிலைக்கு மாற்றிய பிறகே தூக்க வேண்டும் என்று ஆர்டரில் எழுதச் சொல்லுங்கள். பெயின்டுக்கு மேல் பூச்சு செய்திருந்தால் "கழுவ வேண்டாம்" என்பதையும் எழுதச் சொல்லி, கண்ணாடியில் ஒரு தாளும் ஒட்டுங்கள். இலவசக் கழுவல் நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அந்த பிரஷ்கள் கறுப்பு வண்டியில் போடும் வட்டக் கோடுகளைப் போக்கக் காசு கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

8. மாற்று வண்டியை யோசித்து வாங்குங்கள்

மாற்று வண்டி கிடைத்தால் வாங்காமல் யார் விடுவார்கள்? நானும் விடமாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். டெக்சஸின் லெமன் சட்டத்தில் (தீராத கோளாறுள்ள வண்டிக்கு நிவாரணம் கேட்க வழி தரும் சட்டம்) வாரண்டிக் கோளாறுக்காக வண்டி மொத்தம் 30 நாள் முடங்கியதைக் காட்டும் ஒரு வழி உண்டு. அந்தக் காலத்தில் உங்கள் வண்டிக்கு ஈடான மாற்று வண்டி தந்திருந்தால் அந்த நாள்கள் கணக்கில் சேராது.

ஒரு தம்பி எனக்கு போன் செய்து மகிழ்ச்சியாகச் சொன்னார்: "அண்ணா, ஐந்து வாரமாக என் வண்டி அங்கே இருக்கிறது, ஆனால் அவர்கள் புது டிரக் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அருமையான கவனிப்பு." கவனிப்புதான். 30 நாள் வழி அவருக்கு அடைபட்டுக்கொண்டிருந்ததும் அதே கவனிப்பால்தான். சின்ன செடான் கொடுத்தால் அது ஈடானதா என்று வாதாட இடம் உண்டு; ஆகவே எந்த மாடல் கொடுத்தார்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற ஒப்பந்த நகலை உறையில் போடுங்கள்.

ஒப்பந்தத்தைப் படித்துவிட்டே சாவியை வாங்குங்கள். டிரெய்லர் இழுக்க அனுமதி இருக்காது. விபத்து நடந்தால் முதலில் உங்கள் இன்சூரன்ஸ்தான் பொறுப்பேற்கும்படி எழுதியிருப்பார்கள்.

9. காத்திருக்கும் நாள்களில்

தினமும் போன் செய்து பயன் இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை மெசேஜ் அனுப்புங்கள். பதிலும் எழுத்தில் வரும். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். "என் வண்டி என்னாச்சு?" என்றால் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று வரும். "பாகம் எந்தத் தேதியில் ஆர்டர் ஆனது, எந்தத் தேதி வரும் என்று காட்டுகிறது?" என்று கேட்டால் அவர் திரையைப் பார்த்தாக வேண்டும்.

பாகம் வரும்வரை வண்டியை ஓட்டிக்கொண்டுபோகச் சொல்வார்கள். ஓட்டுவது பாதுகாப்பானது என்று எழுத்தில் தந்தால் எடுங்கள். தர மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கட்டும், ஆர்டரும் திறந்தே இருக்கட்டும்.

10. எடுக்கும்போது முதலில் தாளைப் பாருங்கள்

அட்வைசர் வணக்கம் சொல்லிச் சாவியை நீட்டுவார். சாவியை வாங்கும் முன் தாள். காரணமும் திருத்தமும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா? திறந்த தேதி, முடித்த தேதி சரியா? பிறகு வந்த மைலையும் போன மைலையும் பாருங்கள். இரண்டும் ஒரே எண் என்றால் வண்டியை யாரும் சாலையில் ஓட்டிப் பார்க்கவில்லை. "ஓட்டிப் பார்த்ததில் சத்தம் இல்லை" என்று எழுதியிருந்து, மைல் மட்டும் நகராமல் இருந்த தாள் ஒன்று என் உறையில் இன்னும் இருக்கிறது.

அதன்பின் அட்வைசரோடு பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முன்கண்ணாடி மாற்றியிருந்தால் கேமரா அளவீடு செய்ததற்கான வரி தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லேன் உதவியும் தானியங்கி பிரேக்கும் தப்பாகக் கணிக்கலாம்.

11. சரியாகாவிட்டால் எந்தப் படியில் ஏறுவது

அட்வைசர், சர்வீஸ் மேனேஜர், டீலர்ஷிப்பின் பொது மேலாளர், பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு. படியைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிறுவனத்துக்குப் போன் செய்தால் அவர்கள் டீலரை அதட்டுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். டீலர்ஷிப் தனி முதலாளியின் சொத்து. டெக்சஸில் கார் நிறுவனமே டீலர்ஷிப் நடத்தச் சட்டம் இடம் தருவதில்லை. நிறுவனத்திடம் பெற வேண்டியவை வேறு: ஒரு புகார் எண், களப் பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொல்வது, வாரண்டி சற்று முன்பு முடிந்திருந்தால் நல்லெண்ண அடிப்படையில் செலவில் பங்கு. இவை அவர்கள் கையில் உள்ளவை.

லெமன் சட்டத்துக்கு வருவோம். வாங்கி 24 மாதம் அல்லது 24,000 மைலுக்குள் ஒரே கோளாறுக்கு நான்கு முறை பழுது பார்த்தும் தீராவிட்டால், அல்லது உயிருக்கு ஆபத்தான கோளாறுக்கு இரண்டு முறை பார்த்தும் தீராவிட்டால், டெக்சஸ் மோட்டார் வாகனத் துறையில் புகார் செய்யலாம். கட்டணம் 35 டாலர். அதற்கு முன் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, சரிசெய்ய ஒரு வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். புகாருக்குக் காலக்கெடு உண்டு. 24,000 மைல் நெருங்கும்போதே உறையைத் திறந்து தாள்களை எண்ணிப் பாருங்கள்.

12. கருத்துக்கணிப்பு

வண்டியை எடுத்த ஓரிரு நாளில் நிறுவனத்திடமிருந்து கேள்வித்தாள் வரும். பத்துக்குப் பத்து போடச் சொல்லி அட்வைசர் முன்கூட்டியே கெஞ்சுவார். பல இடங்களில் ஒன்பது போட்டாலே அவருக்குத் தோல்விதான். ஊக்கத்தொகை அதைப் பொறுத்திருக்கிறது. அவர் மேல் தப்பில்லை, ஏற்பாடு அப்படி.

அதை வைத்து மிரட்டாதீர்கள். மிரட்டியவருக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் தள்ளிக் கிடைக்கும். அவசரமாகப் பூர்த்தி செய்யவும் வேண்டாம். நான் கேள்வித்தாளைத் திறப்பது வண்டியை மூன்று குளிர்ந்த காலைகளில் ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகுதான்.